மூன்றாம் நாளுக்கான தண்ணீர்

பாகமண்டலா, குடகு
25 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். நீயும் அமலன் மாமாவும் சுகமா? மாமாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று அதே நாட்கள்தானா? கால் வீக்கம் வடிந்ததா?

போன் செய்யாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். குவார்ட்டர்ஸில் சிக்னல் கிடையாது, அது ஒன்று. போன தடவை கடைத்தெருவுக்கு இறங்கி வந்து கூப்பிட்டபோது நீ எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாய். அந்த இரண்டு ரூம் வீட்டில், அவர் காதில் விழாமல் அவரைப் பற்றி நீ எப்படிப் பேசுவாய் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. அதனால் எழுது. நானும் நீ வேலை செய்கிற பேக்கரி விலாசத்துக்கே எழுதுகிறேன்.

வேலை பிடித்திருக்கிறது. தலைக்காவேரி வரைக்கும் மலைச்சரிவில் எங்கள் திட்டத்துக்கு ஏழு மழைமானிகள். அவற்றைப் பார்ப்பதும் ஆற்றின் ஓட்டத்தை அளப்பதும் என் பொறுப்பு. ஆனால் ஜூன் முடியப்போகிறது, வர வேண்டிய மழையில் பாதிகூட வரவில்லை. தென் அமெரிக்காப் பக்கம் பசிபிக் கடல் சூடாகிக்கொண்டிருக்கிறது. எல் நினோ என்று பேப்பரில் பார்த்திருப்பாய். சில வருடங்களுக்கு ஒரு முறை வரும். அந்தக் கடல் சூடானால் நம் பக்கத்துப் பருவக்காற்று பெரும்பாலும் தளர்ந்துவிடுகிறது. அரபிக்கடலின் ஈரத்தைத் தூக்கிவந்து இந்த மலையில் கொட்ட வேண்டியது அந்தக் காற்றுதான். இங்கே கொட்டுவதுதான் ஆறாகி, அணையில் நின்று, பம்ப் பம்பாக ஏறி, லிங்கராஜபுரத்தில் உன் குழாயில் வருகிறது.

மாமாவுக்கு என் அன்பைச் சொல். உன் உடம்பையும் கொஞ்சம் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
ஆஞ்சலா


லிங்கராஜபுரம், பெங்களூர்
16 ஜூலை 2023

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் இருவரும் சுகம். குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் திரியாதே.

மழையைப் பற்றி நீ எழுதியதை மட்டும் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "பசிபிக்குக்கு ஜுரம்னா மாத்திரை குடுக்கச் சொல்லு. எனக்கு எதுக்கு கிளாஸ் எடுக்கறா உன் தங்கச்சி?" என்றார். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கார டோரதி ஆன்ட்டி வாடகை வாங்க வந்தபோது, அவர்களுக்கு அதே பாடத்தை இவர் நடத்தினார்.

அதே மூன்று நாட்கள்தான். மர்பி டவுன் பச்சைமுத்து ஆட்டோவில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறான். கால் வீக்கம் பரவாயில்லை. இவர் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் போன வாரம் வந்து பார்த்தார்கள். பழைய ஆட்களுக்குத்தான் பழைய மெஷின் தெரியும் என்று இவரிடம் ஏதோ சந்தேகம் கேட்டார்கள். அன்று முழுக்க நல்ல உற்சாகம்.

ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடாது இவர். ஆனால் இவரை ஒரு தடவை சுத்தம் செய்ய மெஷினுக்கு நூறு லிட்டருக்கு மேல் வேண்டுமாம். டெக்னீஷியன் கிரண் சொன்னான். "குடிக்கறது நான் இல்ல, மெஷின்தான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஜோசஃபின்


பாகமண்டலா
3 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

ஜூலைக் கடைசியில் சில நாள் நன்றாகப் பெய்தது. பிறகு நின்றுவிட்டது. ஆகஸ்ட் மாதம் இங்கே துணியை அடுப்புக்கு மேல் கொடி கட்டித்தான் காயவைப்பார்களாம். நான் வாசலில் காயப்போட்டேன். மதியத்துக்குள் விறைத்துப்போயிற்று. மலை முழுவதும் தெளிவாகத் தெரிகிறது. பார்க்க வருகிறவர்கள் நிறைய போட்டோ எடுக்கிறார்கள். இந்த மாதத்தில் எதுவும் தெரியக்கூடாது, அக்கா. மேகம்தான் இருக்க வேண்டும்.

நம் இந்தியப் பெருங்கடலுக்கும் ஒரு ஊசலாட்டம் உண்டு. ஆப்பிரிக்கா பக்கம் சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் நமக்கு மழை சேரும். பசிபிக் கெடுப்பதைச் சில வருடம் அது ஈடுகட்டியிருக்கிறது. இந்த வருடமும் வருகிறது, ஆனால் பருவம் முடிகிற நேரத்தில்.

ஒன்று கேட்டு எழுது. மாமாவின் டயாலிசிஸ் சென்டருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

உன்,
ஆஞ்சலா


லிங்கராஜபுரம்
8 அக்டோபர் 2023

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

இருவரும் சுகம். சென்டருக்குக் காவேரி கனெக்‌ஷனும் இருக்கிறது, போர்வெல்லும் இருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை.

பந்த் செய்தி கேட்டு நீ பதறியிருப்பாய். தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று செவ்வாய்க்கிழமை ஊரை அடைத்தார்கள். செவ்வாய் நமக்கு டயாலிசிஸ் நாள். பச்சைமுத்து சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். "வழியில தமிழ்ல பேசாதீங்க மேடம், நானே பார்த்துக்கறேன்" என்றான். ரோட்டில் டயர் போட்டு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவன் குனிந்து, "எல்லிகே?" என்று எங்கே போகிறோம் எனக் கேட்டான்.

"ஆஸ்பத்ரிகே அண்ணா, டயாலிசிஸ் பேஷண்ட்" என்றான் பச்சைமுத்து.

மாமா கையை நீட்டிக் காட்டினார். ஊசி குத்திக் குத்தி அந்த நரம்பு எப்படிப் புடைத்திருக்கும் என்று உனக்குத் தெரியும். அவன் பார்த்தான். "ஹோகி, ஹோகி" என்று போகச் சொல்லி டயரை நகர்த்திவிட்டு, தன் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை இவரிடம் கொடுத்தான். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவன். இவர் வாங்கிக்கொண்டார்.

"குடிக்கக்கூடாதுன்னு எப்படிச் சொல்றது? தண்ணிக்காக ரோட்டுல நிக்கறவன் குடுக்கறான்" என்று அப்புறம் சொன்னார்.

அன்புடன்,
ஜோசஃபின்


பாகமண்டலா
21 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கிறிஸ்துமஸ் கேக் உடையாமல் வந்தது. மகா என்று ஒரு பெண் இங்கே புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். பாதியை அவள் தின்றாள். நான் சுகம். மாமாவின் புது ரிப்போர்ட் என்ன சொல்கிறது?

ஆற்றைக் கல் மேல் கால் வைத்தே தாண்டிவிடலாம் போல இருக்கிறது. ஜனவரியில் ஓடுவது மழைத் தண்ணீர் இல்லை, பருவத்தில் மலை உறிஞ்சி வைத்துக்கொண்டது. இந்த முறை மலைக்குள்ளேயே இல்லை. பசிபிக்கின் சூடு உச்சத்துக்கு வந்துவிட்டது, இனி மெல்ல இறங்கும். இறங்கினாலும் ஜூனுக்கு முன்னால் இங்கே வருவதற்கு எதுவும் இல்லை. மார்ச்சில் பெங்களூர் கஷ்டப்படும். இதை ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன். ரிப்போர்ட் மைசூர் போயிற்று. அங்கிருந்து மேலே போயிருக்கும்.

டோரதி ஆன்ட்டியிடம் சொல்லி சம்ப்பை இப்போதே சுத்தம் செய்து நிரப்பி வை. சென்டரிலும் யாரிடமாவது சொல்.

உன்,
ஆஞ்சலா


லிங்கராஜபுரம்
10 மார்ச் 2024

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

சுகம். பதில் எழுத நாளாகிவிட்டது.

நீ சொன்னது போலத்தான் ஆயிற்று. வீட்டு போர்வெல் நின்றுவிட்டது. காவேரி வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் நூல் மாதிரி. டாங்கருக்குச் சொன்னால் நாலு நாள் கழித்து வருகிறான். பேக்கரியில் தட்டுக்குப் பதில் பேப்பரில் வைத்துக் கொடுக்கிறோம். கார் கழுவினால் அபராதமாம். நமக்குக் கார் இல்லை.

போன சனிக்கிழமை மதியம் நாங்கள் இருவரும் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எத்தனையோ நாளுக்குப் பிறகு. சனிக்கிழமைகள் இப்போது நிதானமாகப் போகின்றன.

வேறு ஒன்றும் இல்லை.

ஜோசஃபின்


பாகமண்டலா
15 மார்ச் 2024

அக்கா,

சனிக்கிழமை மதியம் மாமா எப்படி வீட்டில் இருந்தார்?

நாலு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. அவர் போனும் ஆஃப். ஈஸ்டருக்கு வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன்.

ஆஞ்சலா


லிங்கராஜபுரம்
22 மார்ச் 2024

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

போன் எடுக்காததற்குக் கோபப்படாதே. எடுத்தால் என் குரலை வைத்தே நீ கண்டுபிடித்துவிடுவாய். எழுதினால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம்.

சென்டர் போர்வெல்லும் வற்றிவிட்டது. மெஷினுக்கு வெறும் தண்ணீர் ஆகாது, சுத்தம் செய்துதான் விட வேண்டும். டாங்கர் தண்ணீரின் உப்பில் சுத்தம் செய்கிற பிளான்ட் அடைத்துக்கொள்கிறது. பாதித் தண்ணீர் கழிவாகவே போய்விடுகிறது. மாத ஆரம்பத்தில் டாக்டர் ஸ்ரீஹர்ஷா எங்களை எல்லாம் உட்காரவைத்துப் பேசினார். அவர் முகத்தைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. "எல்லாருக்கும் மூணு நாள் ஓட்ட முடியல. யாருக்கு இன்னும் கொஞ்சம் யூரின் போகுதோ அவங்க ரெண்டு நாள்ல சமாளிக்க முடியும். நான் யாரையும் கட்டாயப்படுத்தல" என்றார்.

எதிரே இன்னொரு பேஷண்ட், மமதா, உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், குழந்தை எல்.கே.ஜி. படிக்கிறது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா கையைத் தூக்கினார். "எனக்கு ரெண்டு போதும் டாக்டர்."

"உங்க ரிப்போர்ட் அவ்வளவு நல்லா இல்லையே, அமலதாஸ்."

"லிஃப்ட்ல ஓவர்லோட் பெல் அடிச்சா யாராவது ஒருத்தர் இறங்கணும் டாக்டர். இல்லன்னா கதவு மூடாது. யாரும் மேல போக முடியாது. இத்தனை வருஷமா ஜனங்களுக்கு இதைத்தான் சொல்லிட்டிருந்தேன்."

அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் செருப்பின் வார் தேய்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் "கோவமா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். பொய் இல்லை. கோபம் என்று ஒன்று உள்ளே இருக்கிறதா என்று தேடினேன். எதுவும் இல்லை.

வேறு சென்டர்கள் பார்த்தோம். ஒக்கலிபுரம் வரைக்கும் போய்க் கேட்டோம். எங்கேயும் புது ஆள் எடுப்பதில்லை.

கால் மறுபடியும் வீங்கியிருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வெயிலில் தாகம் தாங்காமல் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்கிறார்.

ஈஸ்டருக்கு வர வேண்டாம், ஆஞ்சலா. கூடப் பிறந்தவளை இப்படி எழுதி நிறுத்துவேன் என்று நினைத்ததில்லை. வந்தால் நீ குளிக்கத் தண்ணீர் இல்லை. இருக்கிற இரண்டு பக்கெட்டில் அவருக்குத் துடைத்து, சமைத்து, பாத்ரூமுக்கும் வைத்தால் முடிந்துவிடுகிறது. மழை வந்ததும் வா.

ஜோசஃபின்


பாகமண்டலா
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னதால் வரவில்லை. ஈஸ்டர் பூசைக்கு மடிகேரி போனேன்.

இங்கே இந்த மாதம் பூமழை என்று ஒன்று விழும். அது விழுந்தால்தான் காபி பூக்கும். இன்னும் விழவில்லை. தோட்டத்துக்காரர்கள் குளத்தின் அடித்தண்ணீரை இறைத்துத் தெளிக்கிறார்கள்.

மாமாவுக்கு இடம் கேட்டு மைசூரில் நான்கு ஆஸ்பத்திரி ஏறி இறங்கினேன். பேர் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு நல்ல செய்தி. பசிபிக் ஆறிக்கொண்டு வருகிறது. ஜூனுக்குள் எல் நினோ முடிந்துவிடும் என்கிறார்கள். இந்த வருடம் மழை நன்றாகவே இருக்கும். ஏப்ரலையும் மேயையும் தாண்டிவிட்டால் போதும். மாமாவிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்.

இரண்டு வரியாவது எழுது.

உன்,
ஆஞ்சலா


பாகமண்டலா
19 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ சாப்பிடுகிறாயா?

அங்கே இருந்த பத்து நாளும் நாம் இருவரும் எதுவும் பேசவில்லை. பாத்திரம் கழுவினோம், வந்தவர்களுக்கு டீ போட்டோம். அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சந்தைக்கு இறங்கியிருந்தேன். பச்சைமுத்து போன் செய்தான். "மேடம், சார் போயிட்டாரு. காலையில எழுந்து உட்கார்ந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. அக்கா பக்கத்துலதான் இருந்தாங்க" என்றான். நான் "சரி" என்றேன். அவன் திரும்பவும் சொன்னான், எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து. வியாழக்கிழமை முடித்தவர் அடுத்த செவ்வாய் வரை தாங்க வேண்டியிருந்தது. நடுவில் அந்த ஞாயிறு. பொட்டாசியம் ஏறி இதயம் நின்றிருக்கும் என்று டாக்டர் ஸ்ரீஹர்ஷா என்னிடம் தனியாகச் சொன்னார். நீ அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. டாங்கர் வரவில்லை. தெருவில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு குடம் கொண்டுவந்தார்கள். அவர்கள் வீட்டில் என்ன மிச்சம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மமதாவும் வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு கேன். அதை உள்ளே வைத்துவிட்டு மாடிப்படி ஓரமாக நின்றாள். நீ போய் அவளுக்கு நாற்காலி போட்டாய். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. நீ அழவில்லை.

ஏழாம் நாள் பூசை முடிந்த பிறகு அந்த வாரத்தில் மழை பிடித்தது. கோயில் வாசலில் எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நீ ஷெட்டுக்குக் கீழேயே இருந்தாய்.

ஜனவரியிலேயே உனக்கு எழுதினேன். நான் எழுதியபடியே எல்லாம் நடந்தது. அதனால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

கொஞ்ச நாள் இங்கே வந்து இரு. எனக்கும் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

உன்,
ஆஞ்சலா


பாகமண்டலா
28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. ஜூனில் எழுதியதற்கும் பதில் இல்லை. டோரதி ஆன்ட்டிக்குப் போன் போட்டேன். "வேலைக்குப் போறா, வர்றா. பேசினா பேசறா" என்றார்கள்.

நான் எழுதாவிட்டாலும் நீ டிவியில் பார்த்திருப்பாய். இங்கே இரண்டு வாரமாக நிற்காத மழை. ஒரே நாளில் இருநூறு மில்லிமீட்டர் தாண்டியது. பாகமண்டலாவில் ரோடு ஆற்றுக்குள் இருக்கிறது. மேலே போகிற வழியில் மண் சரிந்து எங்கள் மழைமானி ஒன்றை அடித்துக்கொண்டு போயிற்று. அணை நிரம்பிவிட்டது. மிச்சத்தைத் திறந்துவிடுகிறார்கள். போன வருடம் எதற்காக டயர் போட்டு நின்றார்களோ, அது இப்போது கேட்காமலே தமிழ்நாட்டுக்குப் போகிறது.

மகா கேட்டாள். "என்ன மேடம், இவ்வளவு மழை, உங்களுக்கு சந்தோஷமா இல்லையா?"

"அளவை எழுதிட்டியா?" என்று கேட்டேன்.

கடலுக்கு என் மேல் என்ன விரோதம். அது சூடாகும், ஆறும். அதற்கு மூன்று மாதம் முன்பின் என்பது ஒன்றும் இல்லை. நான் படித்த படிப்பில் இது தெரியும். இப்போதுதான் புரிகிறது.

ரோடு சரியானதும் மடிகேரி வரை பஸ் வரும். நான் ஜீப் எடுத்துக்கொண்டு அங்கே நிற்கிறேன். வா, அக்கா.

உன்,
ஆஞ்சலா


லிங்கராஜபுரம்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீயும் சுகமாக இரு. உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பேக்கரியில் கொடுத்த அன்றைக்கே படித்துவிட்டேன். பதில் எழுத உட்கார்ந்தால், சுகம் என்று எழுதியதற்கு அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கோபம் என்று நினைக்காதே. உன் மேல் எனக்கு என்ன கோபம்?

இங்கே குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிறது. டோரதி ஆன்ட்டி வீட்டு முன்னால் இருக்கிற செடிக்கெல்லாம் ஊற்றுகிறார்கள். நானும் எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து வைக்கிறேன். ஒரு ஆளுக்கு எதற்கு இவ்வளவு என்று பாதி நிரப்பும்போது தோன்றும். நிறுத்துவதில்லை.

பேக்கரியில் லீவு கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் கிளம்பி வருகிறேன். எத்தனை நாள் என்று இப்போது கேட்காதே. அந்த மழைக்கு என்ன எடுத்துவர வேண்டும் என்று மட்டும் எழுது.

வியாழக்கிழமை மதியம் கவுண்டரில் இருந்தபோது சென்டரில் இருந்து ஒரு போன் வந்தது. புதுப் பெண் போலிருக்கிறது, குரல் பழக்கமில்லை.

"அமலதாஸ் சார் வீடுங்களா? மேடம், தண்ணி பிரச்சனை சரியாயிடுச்சு. சனிக்கிழமையில இருந்து பழையபடி வாரம் மூணு நாள். சார் பேருதான் லிஸ்ட்ல முதல்ல இருக்கு. அவர்தான் முதல்ல விட்டுக் குடுத்தாராம், அதனால அவருக்குத்தான் முதல்ல குடுக்கணும்னு மார்ச்லயே எழுதி வச்சிருக்காங்க."

எதிரே ஒருவர் அரைக் கிலோ ரஸ்க் கேட்டு நின்றுகொண்டிருந்தார். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எடை போட்டேன்.

"அவர் வரமாட்டாரும்மா. காத்திருக்கறவங்க யாருக்காவது அந்த இடத்தைக் குடுத்துடுங்க" என்றேன்.

"வேற சென்டர் மாறிட்டாரா மேடம்?"

அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது, ஆஞ்சலா. அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பாள். அவளிடம் போய் என்ன சொல்வது?

"ஆமாம்மா" என்றேன்.

"அங்க நல்லா பார்த்துக்கறாங்களா மேடம்?"

ரஸ்க் பொட்டலத்தை நூல் போட்டுக் கட்டி அவரிடம் கொடுத்தேன்.

"பார்த்துக்கறாங்க" என்றேன்.

உன் அக்கா,
ஜோசஃபின்